மடப்பள்ளிக்கு வந்த பாய்லர்

"இந்த மடப்பள்ளி ஆட்களைத் திருத்தவே முடியாதும்மா!"

வைரவநாதன் அறை வாசலில் நின்றபடியே பொரிந்து தள்ளினார். உள்ளே மடத்தின் தலைவி திலகவதி அம்மா விபூதி சலித்துக்கொண்டிருந்தார்.

வைரவநாதன் ஆலை நிர்வாகத்திலேயே தலை நரைத்தவர். எல்லாம் போதும் என்று அம்மாவிடம் தீட்சை வாங்கிக்கொண்டு மடத்துக்கு வந்தார். சும்மா இருக்க விடுவார்களா? மடப்பள்ளியைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அங்கே விறகடுப்புப் புகையில் சமையல்காரர்கள் இருமி இருமிச் சாகிறார்கள். ஒருவருக்குக் கண்ணே போய்விட்டது. மனுஷன் துடித்துப்போனார். நாயாய் அலைந்து நன்கொடை கேட்டு நீராவியில் சமைக்கிற ஒரு பாய்லரைக் கொண்டுவந்து இறக்கினார். நல்ல காரியம்தானே? யார் இல்லை என்றது!

"அவங்க நல்லதுக்குத்தானேம்மா செய்றேன்? தலைமைச் சமையல்காரர் கோட்டைச்சாமி என்ன பண்ணினார் தெரியுமா? கரண்டியைக் கீழே வச்சார். 'சரிங்கய்யா, நீங்க செய்ங்க'ன்னுட்டு வெளியே போய் உட்கார்ந்துட்டார். அவர் பின்னாலேயே எல்லாரும் போயாச்சு. நாளைக்குத் தைப்பூசம். ஊரே சாப்பிட வரும். இலையில என்னத்தைப் போடுறது?"

"நீங்க அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"'நாளையிலிருந்து நாங்க பாய்லர்ல சமைக்கப் போறோம்'னு சொன்னேன். அவ்வளவுதான்."

அம்மா எழுந்து வந்தார். வைரவநாதன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

வைரவநாதனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அம்மா! எதுக்குக் கதவைச் சாத்துறீங்க?"

"நான் எங்கே சாத்தினேன்? நீங்கதான் சாத்தினீங்க. சொன்னதைத் திரும்பச் சொல்லுங்க, திறக்குதான்னு பார்ப்போம்."

சொன்னார். திறக்கவில்லை.

குரலைத் தணித்துக் கெஞ்சுகிற மாதிரி சொன்னார். ஆலையில் கூட்டம் போட்டுப் பேசுகிற தோரணையில், கையைப் பின்னால் கட்டி நிமிர்ந்து நின்று சொன்னார். ஊஹூம்.

உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. கிணற்றடியில் உட்கார்ந்திருந்த சமையல்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தர் சிரிக்கவும் செய்தார். வைரவநாதனை அவமானம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் மனுஷன் லேசுப்பட்டவரா? இந்தக் கதவு திறக்காமல் நகர்வதில்லை என்று வாசற்படியிலேயே சம்மணம் போட்டுவிட்டார்.

வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அந்த 'நாங்க'ல யார் யார் இருக்கீங்க?"

"நான், செயலாளர், பொருளாளர்..."

விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தவர் கிணற்றடியைப் பார்த்தார். விரல் அப்படியே நின்றது.

கதவுப் பக்கம் திரும்பினார்.

"நாளையிலிருந்து... நாம பாய்லர்ல சமைக்கப் போறோம்."

தாழ்ப்பாள் விலகியது. அம்மா தலையை நீட்டினார்.

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? அங்கே போய்ச் சொல்லுங்க."

போனார். சொன்னார்.

கோட்டைச்சாமி நிமிர்ந்து பார்த்தார். "நாமன்னா... நீங்களுமாய்யா?"

"நானுந்தான்."

"அதைத் திறக்க மூடத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"எங்களுக்கும் தெரியாதுங்கய்யா. வெடிச்சுக்கிடிச்சுத் தொலைச்சிருமோன்னு ஈரக்குலை நடுங்குது. என்னன்னு கேட்கத்தான் ஒரு நாதியில்லை."

வைரவநாதன் அவர் பக்கத்தில் ஈரத்தரையில் உட்கார்ந்தார்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு, கோட்டைச்சாமி."

 கோட்டைச்சாமி எழுந்து, தோளில் கிடந்த துண்டை உதறித் தலையில் கட்டினார்.

"அப்ப வேட்டியை மடிச்சுக் கட்டுங்கய்யா. பாய்லர் கம்பெனி ஆளுக்கு ஒரு போன் போடுங்க. நாம இன்னிக்கே ஒரு உலை வச்சுப் பார்த்திருவோம்."