பன்னிரண்டு பௌர்ணமிப் பாட்டு

பூதத்தை ஜெயித்தவன் கதையை எல்லாரும் சொல்வார்கள். மறுவருஷம் அவனுக்கு என்ன ஆச்சு என்று யாரும் சொல்வதில்லை. சோணையனுக்கு ஆனது இதுதான்.

கரும்பாறை ஊரில் பாதி நாள்தான் வெயில். உச்சிப்பொழுது தாண்டினால் மலைநிழல் இறங்கி ஊரை மூடிவிடும். வருஷத்தில் ஒரு நாள், அந்த நிழல் விழுகிற நேரத்துக்குப் பாழுங்கிணற்றிலிருந்து பூதம் ஏறி வரும். ஊர் சார்பில் ஒருத்தர் கோதாவில் அதனோடு மல்லுக்கு நிற்க வேண்டும். முதுகில் மண் ஒட்டினால் தோல்வி. ஊர் தோற்றால், அந்த வருஷம் பிறந்த பிள்ளைகளின் நிழலைப் பூதம் பாய் மாதிரி சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விடும். நிழல் போன பிள்ளை வளராது. தொட்டிலில் கிடந்தபடியே கிடக்கும். அப்படி ஏழு தொட்டில் ஊரில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

சோணையன் நாற்பது வயசு ஆள். பல்லக்குத் தூக்கியாக இருந்தவன். ஆள் குள்ளம். அவன் பக்கம் பல்லக்குச் சாய்ந்து, உள்ளே இருந்த பெரிய மனிதர் உருண்டு விழுந்ததில் வேலை போயிற்று. போன வருஷம் ஊர்ப் பலசாலிகள் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் வயிற்றுவலி வந்துவிட்டதால், இவனைப் பிடித்துக் கோதாவில் தள்ளிவிட்டார்கள். அவன் ஜெயித்துவிட்டான்.

ஜெயித்தவன் மேல் பாட்டுக் கட்டி, பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிணற்றடியில் நின்று பாடுவது அந்த ஊர் வழக்கம். தோற்ற பூதத்தின் காதில் விழுந்து அதற்கு மானம் போக வேண்டுமாம். உடுக்கைக்காரர் குப்பண்ணன் தொண்டை கிழியப் பாடுவார். பாட்டில் சோணையன் யானைப்பிடி போட்டு, பூதத்தின் இடுப்பை வளைத்து, ஆகாசத்தில் சுழற்றி எறிவான். கேட்கக் கேட்க சோணையனுக்கே புல்லரிக்கும்.

பன்னிரண்டு பௌர்ணமி போனது. ஜெயித்தவன்தான் மறுவருஷமும் கோதாவில் நிற்க வேண்டும். மல்லுக்கு இன்னும் மூன்றே நாள். ஊரில் இந்த வருஷம் பிறந்தது பதினோரு பிள்ளை. அதில் ஒன்று அவனுடையது. கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் கழித்துப் பிறந்த மகள் சிட்டு.

அவன் மல்லுச் சொல்லித்தரும் வாத்தியாரம்மாவிடம் போனான். அங்கம்மை அவனைவிடப் பத்து வயசு சின்னவள். கோதாவில் மண் இளகுவதற்கு மோர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"வாத்தியாரம்மா, ஒரு சந்தேகம்."

"கேளுங்கண்ணே."

"போன வருஷம் நான் எப்படி ஜெயிச்சேன்?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"கண்ணை மூடியிருந்தேன்."

அவள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"பாட்டுல என்ன சொல்றாங்க?"

"யானைப்பிடி."

"அப்ப அதையே எனக்குப் போடுங்க."

அவன் தொடையைத் தட்டிக்கொண்டு பாய்ந்தான். அடுத்த நொடி மல்லாந்து கிடந்தான். எழுந்தான். மறுபடி பாய்ந்தான். மறுபடி மல்லாந்தான். நாலாம் தடவை விழுந்தபோது எழுந்திருக்கவில்லை.

"நான் கையைத் தூக்குமுன்னே தெரிஞ்சு விலகுறீங்களே, எப்படி?"

"நானும் பன்னிரண்டு தடவை பாட்டுக் கேட்டவதானே."

சோணையன் மண்ணைத் துப்பினான்.

"அப்ப நான் என்ன பிடி போடட்டும்?"

"எனக்குத் தெரியாது."

"இப்படிச் சொன்னா எப்படி? என் பிள்ளை நிழலு!"

"அதனாலதான் தெரியாதுங்கிறேன். எழுந்திரிங்க, மண்ணைக் கொத்தணும்."

மூன்று நாளும் அவனுக்கு வேறு பாடம் இல்லை. மண்ணைக் கொத்தினான். அவள் வந்து எதிரில் நிற்பாள். "நான் எப்படி நிக்கிறேன்?" என்பாள். "இடது காலில் பாரம்" என்பான். "சரி, கொத்துங்க" என்று போய்விடுவாள். வீட்டில் அவன் பெண்டாட்டி கேட்டாள், "பிடி கத்துக்கிட்டியா?" என்று. "மண்வெட்டிப் பிடி கத்துக்கிட்டேன்" என்றான். அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் நிழல் இறங்கியது. கிணற்றுக்குள் கல் உருளுகிற சத்தம். பூதம் ஏறி வந்தது. சோணையன் தலை அதன் இடுப்புக்குக்கூட எட்டவில்லை.

"யானைப்பிடி! யானைப்பிடி!" என்று ஊரே கத்தியது.

சோணையனுக்குக் கண்ணை மூடலாம் போலிருந்தது. பதினோரு தாய்மார் கோதா ஓரத்தில் பிள்ளைகளோடு நின்றார்கள். சிட்டு விரலைச் சூப்பிக்கொண்டிருந்தாள். அவன் கண்ணை மூடவில்லை. பூதம் எப்படி நிற்கிறது என்று பார்த்தான்.

பூதம் இரண்டு கையாலும் தன் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, விரலோடு விரல் பூட்டி நின்றது.

"வாடா குள்ளா" என்றது பூதம். "யானைப்பிடி போடு பாப்போம். வருஷம் பூரா இதுக்குத்தான் பழகியிருக்கேன்."

சோணையன் ஓர் அடி முன்னால் வைத்தான். பூதம் இடுப்பை இன்னும் இறுக்கியது. அவன் வலப்பக்கம் நடந்தான். பூதம் இறுக்கியது. அவன் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டு அதன் பின்னால் போனான்.

"எங்கேடா போறே? பாட்டுல முன்னாலயிருந்துதானே வருவே?"

பூதத்தின் முழங்கால் மடிப்பு சரியாக அவன் தோள் உயரத்தில் இருந்தது. பல்லக்குக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி தோளைக் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளினான்.

கால் மடிந்தது. அவன் ஒரே தாவாகத் தாவி விலகினான். ஊன்றிக்கொள்ளப் பூதத்துக்குக் கை இல்லை. பூட்டிய விரல் பிரியுமுன் மல்லாந்து விழுந்தது. மலையில் காக்கையெல்லாம் எழும்பிப் பறந்தன.

பூதம் முதுகைத் தடவி, கையில் ஒட்டிய மண்ணைப் பார்த்தது. "பாட்டுல இது இல்லையே" என்று முனகிக்கொண்டே போய்க் கிணற்றில் இறங்கியது.

தாய்மார் குலவை போட்டார்கள். சோணையன் ஓடிப்போய்ச் சிட்டுவைத் தூக்கினான். கூட்டத்தை இடித்துக்கொண்டு குப்பண்ணன் உடுக்கையோடு வந்து சேர்ந்தார்.

"சோணையா, எனக்குத் தூசியில ஒண்ணும் தெரியலப்பா. இது என்ன பிடி? சீக்கிரம் சொல்லு, பாட்டுக் கட்டணும்."

சோணையன் நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறந்தான். அங்கம்மை முந்திக்கொண்டாள்.

"சிங்கப்பிடி அண்ணே. கழுத்தைப் பிடிச்சு ஒரே திருகு. நல்லா விலாவாரியாப் பாடுங்க."

குப்பண்ணன் உடுக்கையைத் தட்டிக்கொண்டே ஓடினார்.

"வாத்தியாரம்மா, அது பொய்யாச்சே" என்றான் சோணையன்.

"அடுத்த வருஷம் பூதம் தன் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்து நிக்கட்டும்" என்றாள் அங்கம்மை. "பாட்டைக் கேட்டு நீங்களும் நம்பிட்டு வந்து நிக்காதீங்க, அது போதும்."