கண்மதிப்பு கலியபெருமாளும் ஒரு தட்டு வெத்தலையும்

மன்னார்குடிப் பக்கம் பழைய வீடு வாங்குறவங்க யாரா இருந்தாலும், புரோக்கர் கலியபெருமாள் வாயிலே ஒரு தடவை விழுந்து எழுந்திருக்காமப் பத்திரம் பண்ண முடியாது. ஊருக்குள்ள அவர் பேரு கண்மதிப்பு கலியபெருமாள். டேப்பு பிடிக்க மாட்டார், எஞ்சினீயரைக் கூப்பிட மாட்டார். சுவரை விரலாலே ரெண்டு தட்டு தட்டுவார், காதை வச்சுக் கேப்பார், ரிப்பேர் செலவைச் சொல்லிடுவார். எல்லா வீட்டுக்கும் அவர் சொல்றது ஒண்ணுதான்: வெள்ளை அடிச்சாப் போதும்.

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. தையல்நாயகியும் புருஷனும் கலியபெருமாளோட ஒரு பழைய வீட்டுக் கூடத்துலே உட்கார்ந்திருந்தாங்க. புருஷன் காத்தமுத்து கண்டக்டர் வேலையிலே விசில் ஊதி ஊதிச் சேர்த்த காசு மொத்தமும் இந்தப் பழைய வீட்டுக்குள்ள போகப் போவுது. நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வீட்டுக்காரர் வந்துடுவார், அட்வான்ஸ் கைமாறிடும். வெத்தலை, சீவல், சுண்ணாம்பு எல்லாம் தட்டுலே வச்சு, கூடத்து நடுவுலே தயாரா இருக்கு. அவ அக்கா இப்படித்தான் ஒரு பழைய வீட்டை ஆசையா வாங்குனா. வீட்டு விலையைவிட ரிப்பேருக்கு ஜாஸ்தியாக் கொட்டிக் குடுத்துட்டு, இன்னும் அடகுக் கடைப் படி ஏறிக்கிட்டு இருக்கா.

அதனாலே தையல்நாயகி ஒரு காரியம் பண்ணுனா. மாடியைப் பாத்துட்டு வர்றேன்னு போனவ, மழைத்தண்ணி வெளியே போற ஓட்டையிலே பழைய துணியைத் திணிச்சா, தொட்டிக் குழாயைத் திறந்து விட்டா, ஒண்ணும் தெரியாதவ மாதிரி எறங்கி வந்து உட்கார்ந்தா. தேக்கு விட்டம் போட்டு, மேலே செங்கல்லும் சுண்ணாம்பும் அடுக்குன அந்தக் காலத்துக் கூரை. தண்ணி கட்டுனா உண்மையைக் கக்கிடும். கொஞ்ச நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

"அண்ணே, ரிப்பேருக்கு எவ்வளவு ஆவும்? ஒளிக்காமச் சொல்லுங்க" என்றாள்.

கலியபெருமாள் சுவரைத் தட்டினார். காதை வச்சார். "வெள்ளை அடிச்சாப் போதும் தங்கச்சி."

"அங்க விரிசல் ஓடுதே?"

"விரிசலா? வீடு மூச்சு விட வேணாமா? நீ என் மதிப்பைச் சந்தேகப்படுறே. நீடாமங்கலத்துலே ஒரு வீட்டுக்கு இப்படித்தான் தட்டிப் பாத்துட்டு, இத்தனை செங்கல்லுன்னு சொன்னேன். வேலை முடிஞ்சப்போ ஒரு கல்லு மிச்சம்."

"அப்ப கணக்கு தப்புதானே?"

"ஊரே சிரிச்சுது. நான் வாயைத் திறக்கலை. கிரகப்பிரவேசத்தன்னிக்கு சாம்பார் அண்டா ஒரு பக்கமா ஆடுச்சு. அடுப்புக்கு ஒரு கல்லு குறையுது! அந்தக் கல்லை முட்டுக் குடுத்தேன், அண்டா அசையாம நின்னுச்சு. நான் சாம்பாருக்கும் சேத்துத்தான் மதிப்புப் போட்டிருந்தேன்."

காத்தமுத்து வாயைப் பொளந்து கேட்டுக்கிட்டு இருந்தார். இந்த மனுஷன் பஸ்ஸுலே மட்டும் எப்படித்தான் டிக்கெட் எடுக்காதவனைக் கண்டுபிடிச்சாரோன்னு தையல்நாயகிக்கு எரிச்சலா வந்துச்சு.

"வலங்கைமான்லே ஒரு வீடு சாஞ்சே போச்சு மாப்ளே. இடிக்கிறதைத் தவிர வழியில்லைன்னு எஞ்சினீயர் கையை விரிச்சுட்டான். நான் ஒரு கையிலே டீ கிளாஸை வச்சுக்கிட்டு, தோளைக் குடுத்து ஒரு தள்ளு. நிமிந்துடுச்சு. கொஞ்சம் ஜாஸ்தியாத் தள்ளிட்டேன் போல. வீட்டுக்காரன் வாசக் கதவைத் திறந்தா பின்னாடித் தெரு! இன்னிக்கும் ரெண்டு தெருவுக்கும் வரி கட்டுறான்."

"செலவு?"

"டீக்காசு."

தையல்நாயகி நைசா மேலே பாத்தா. விட்டத்து ஓரமா ஒரு கறுப்பு மெல்லப் படர்ந்துக்கிட்டு இருந்துச்சு. இவரு இன்னும் கொஞ்சம் பேசட்டும்னு நினைச்சா. "கரையான் இருந்தா என்ன பண்ணுவீங்க அண்ணே?"

"அதுகிட்ட நல்லபடியா எடுத்துச் சொல்லணும். திருத்துறைப்பூண்டியிலே ஒரு நிலைக்கதவு பூரா கரையான். குனிஞ்சு, பக்கத்து வீட்டுலே பர்மா தேக்குடான்னு ஒரு வார்த்தை போட்டேன். மூட்டை முடிச்சோட வரிசையாக் கிளம்பிப் போயிடுச்சு."

"அடப்பாவமே! பக்கத்து வீட்டுக்காரர்?"

"அவருக்கு அந்த வீட்டை வாங்கிக் குடுத்ததும் நான்தான்."

காத்தமுத்துவே லேசா நெளிஞ்சார். "அண்ணே, ஒழுக்கு கிழுக்கு ஒண்ணும் இருக்காதே?"

"ஒழுக்கா!" கலியபெருமாள் தொடையைத் தட்டிக்கிட்டார். "திருவாரூர்லே ஒரு வீடு. மழை பேஞ்சா உள்ள இருக்கிறவன் குடை பிடிப்பான், தலை துவட்ட வெளியே வருவான். அடுக்களையிலே விரால் பிடிச்சுக் குழம்பு வச்சான். நான் என்ன பண்ணுனேன்? அட்வான்ஸ் தட்டுலே இருந்த வெத்தலையை எடுத்து, சீவலும் சுண்ணாம்பும் சேத்து மென்னு, மாடி வெடிப்புலே ஒரு அப்பு அப்புனேன். ஒழுக்கு நின்னது பெருசில்லே. மறுவருஷம் மழையே அந்த மாடிக்கு வரப் பயந்துக்கிட்டு, நாலு பக்கமும் ஒதுங்கிப் பேஞ்சுது. ஐப்பசி அடைமழையிலே அந்த வீட்டு மாடியிலே மட்டும் வத்தல் காயுது தங்கச்சி! இந்த வீட்டுலே ஒரு சொட்டு ஒழுகுச்சுன்னா, என் மீசையைப் பாதி..."

சொட்டு.

சரியா அவர் வழுக்கை நடுவுலே. அவர் தடவிப் பாத்தார். இன்னொரு சொட்டு மூக்கு நுனியிலே விழுந்துச்சு.

"என்னண்ணே இது?" என்றாள் தையல்நாயகி.

அவர் துண்டாலே மூக்கைத் துடைச்சுக்கிட்டார். "வீடு அழுவுது தங்கச்சி. ஆனந்தக் கண்ணீர்! நல்ல குடும்பம் வருதுன்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு."

சொல்லி வாயை மூடலை, கூரையிலேருந்து கைப்பிடி அளவு காரை பொத்துன்னு அவர் மடியிலே விழுந்துச்சு. தண்ணி இப்போ நூல் பிடிச்ச மாதிரி எறங்குச்சு.

"இது?"

"மொய்" என்றார், குரல் கொஞ்சம் எறங்கி.

வாசல்லே வீட்டுக்காரர் செருப்பைக் கழட்டுற சத்தம் கேட்டுச்சு. காத்தமுத்து பழக்க தோஷத்துலே அட்வான்ஸ் பையைத் தூக்கினார். தையல்நாயகி அதை வாங்கித் தன் இடுப்புலே செருகிக்கிட்டா. அக்கா முகம் ஒரு தடவை கண்ணு முன்னாடி வந்து போச்சு. அப்பாடான்னு இருந்துச்சு அவளுக்கு.

அப்புறம் வெத்தலைத் தட்டை ரெண்டு கையாலேயும் எடுத்து, ரொம்ப மரியாதையாக் கலியபெருமாள் கையிலே குடுத்தா. மாடிப்படியைக் காட்டுனா.

"போய் அப்பிட்டு வாங்கண்ணே. ஒழுக்கு நின்னதும் அட்வான்ஸ் தர்றோம். மாடி பெருசு, வெத்தலை பத்தலைன்னா குரல் குடுங்க. இவரை அனுப்பி இன்னொரு கவுளி வாங்கியாரச் சொல்றேன்."