நங்கூரம் பிடித்திருக்கிறதா?

“என் மக நல்லா இருக்காளான்னு எப்படிம்மா தெரிஞ்சுக்கறது?” என்று கேட்டார் தில்லைநாயகம்.

“அவ என்ன சொல்லிட்டுப் போனா?” என்றார் குரு.

“ஏழு நாள் போன் பண்ணாதீங்கன்னு சொன்னா. ஏழாம் நாள் நம்ம படகு சேரும்போது தூத்துக்குடித் துறையில அவளே வந்து நிப்பாளாம். நடுவுல ஒரு தடவை அடிச்சாலும் வரமாட்டாளாம். அப்புறம் எப்பவுமே வரமாட்டாளாம்.”

“அப்ப ஏழாம் நாள் தெரிஞ்சிரும்.”

மகள் அகல்யாவைக் குறை சொல்ல முடியாது. விவாகரத்துக்குப் பிறகு தூத்துக்குடியில் தனியாக வீடெடுத்து வேலைக்குப் போகிறாள். அப்பா ஒரு நாளைக்குப் பதினோரு முறை அழைப்பார். எடுக்காவிட்டால் அலுவலகத்துக்கு அழைப்பார். அங்கேயும் எடுக்காவிட்டால் மாடியில் குடியிருப்பவரைப் போய்ப் பார்க்கச் சொல்வார். போன மாதம் அந்த மனிதர் பதறிப்போய்க் கதவையே உடைத்துவிட்டார். அகல்யா குளித்துக்கொண்டிருந்தாள்.

இந்த ஏழு நாளையும் வீட்டில் உட்கார்ந்து கழித்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று தில்லைநாயகம் பயந்தார். தரங்கம்பாடியில் ஒரு பாய்மர உல்லாசப் படகை வாடகைக்கு எடுத்திருந்தார். பழைய துறைமுக ஊர்கள், தீவுகள், கடைசியில் தூத்துக்குடி. படகை ஓட்டுவதற்கு மிக்கேல் என்ற தண்டல். துணைக்குக் குரு நீலாம்பிகை. குரு அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். பேச்சு குறைவு, தூக்கம் அதிகம்.

தரங்கம்பாடிக் கோட்டையில் எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். அவர் கைப்பேசியைப் பார்த்தார்.

தொண்டியில் மிக்கேல் நண்டுக் குழம்பு வைத்தார். தில்லைநாயகத்துக்கு அதில் உப்பு இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

பாம்பனில் ரயில் பாலம் திறப்பதற்காக அரை நாள் காத்திருந்தார்கள்.

“இப்ப அவளுக்குக் காய்ச்சல் வந்திருந்தா?”

“வந்திருக்கலாம்,” என்றார் குரு.

ஊரில் எத்தனையோ குருமார் இருக்க, ஆறுதல் சொல்லத் தெரியாத ஒருவரைப் போய்ப் பிடித்தோமே என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.

ஐந்தாம் நாள் மதியம், கீழக்கரையைத் தாண்டி ஒரு தீவின் மறைவில் நங்கூரம் போட்டார்கள். தீவில் இறங்க அனுமதி இல்லை. காற்று விட்டு விட்டு அடித்தது. படகுக்குப் பின்னால் பாறைகள் நுரைத்துக்கொண்டிருந்தன.

“நங்கூரம் பிடிச்சிருக்கா?”

“பிடிச்சிருக்கு அண்ணாச்சி.”

“எப்படிச் சொல்லுதீங்க?”

மிக்கேல் தீவைக் காட்டினார். “அந்தப் பனையும் அதுக்குப் பின்னால இருக்க கம்பமும் ஒரே நேரா நிக்குதுல்லா? அது விலகாத வரைக்கும் நாம நகரலைன்னு அர்த்தம்.”

தில்லைநாயகம் பனையைப் பார்த்தார். விலகவில்லை. மறுபடி பார்த்தார். விலகவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. கண்ணால் பார்த்தால்தானே ஆச்சு?

மிக்கேல் கீழே மீன் கழுவிக்கொண்டிருந்தார். குரு பாயின் நிழலில் தூங்கிக்கொண்டிருந்தார்.

காற்று கொஞ்சம் ஓய்ந்தது. தில்லைநாயகம் முன்பக்கம் போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தார். மூச்சு வாங்க இழுத்தார். நங்கூரம் மேலே வந்தது. நுனியெல்லாம் சேறு. உடையவில்லை, வளையவில்லை. அப்பாடா என்றிருந்தது. சத்தமில்லாமல் மறுபடி தண்ணீரில் இறக்கிவிட்டார்.

அடுத்த காற்றில் பனை கம்பத்தை விட்டு விலகியது.

“நங்கூரத்தைத் தொட்டது யாரு?” மிக்கேல் மீன் கையோடு ஓடிவந்து எஞ்சினை முடுக்கினார். பாறைக்கு இரண்டு ஆள் தூரம் இருக்கும்போது படகு திரும்பியது.

“பிடிச்சிருக்கான்னு பாத்தேன்,” என்றார் தில்லைநாயகம்.

மிக்கேல் தலையில் அடித்துக்கொண்டார். நெற்றியில் மீன் செதில் ஒட்டியது.

குரு ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “எப்படி இருந்துச்சு?”

“நல்லாத்தான் இருந்துச்சும்மா.”

குரு அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டார்.

ஆறாம் நாள் வேம்பாருக்குப் பக்கத்தில் கைப்பேசியில் முழு சிக்னல் வந்தது. அகல்யாவின் பெயரை எடுத்தார். கட்டைவிரல் அதன்மேல் நின்றது. குரு பார்த்துக்கொண்டே இருந்தார், தடுக்கவில்லை. தடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

“மிக்கேலு, இதை அரிசி டப்பாவுக்குள்ள போட்டு மூடுங்க,” என்றார் தில்லைநாயகம்.

நிம்மதி வரவில்லை. பயம்தான் கூடியது. அன்று முழுக்க அவர் அரிசி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாம் நாள் தூத்துக்குடி. பெரிய கப்பல்களுக்காகக் கட்டிய துறைமேடை. தாழ்ந்த படகிலிருந்து பார்த்தால் சுவர் மட்டும்தான் தெரிந்தது. மேலே யாராவது நிற்கிறார்களா என்று தெரியவில்லை.

“வந்திருப்பாளாம்மா?”

குரு படகில் கட்டியிருந்த கயிற்றின் மறுமுனையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். “மேல வீசுங்க.”

“அங்க யாரும் இல்லன்னா?”

“வீசுங்க.”

வீசினார். கயிறு சுவரைத் தாண்டி மறைந்தது. திரும்பி விழவில்லை.

யாரோ பிடித்திருக்கிறார்கள். துறைமுகத்து ஆளாகவும் இருக்கலாம். தில்லைநாயகம் கயிற்றை இந்தப் பக்கம் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். மேலிருந்து ஓர் இழுப்பு வந்தது. அவர் விடவில்லை. இன்னோர் இழுப்பு. உள்ளங்கை எரிந்தது. அப்போதும் விடவில்லை.

“அப்பா!” என்று மேலிருந்து குரல் வந்தது. “விடுங்கப்பா. நீங்க புடிச்சுக்கிட்டே இருந்தா நான் எப்படிக் கட்டுறது?”

கயிறு மேலே போனது.