ராணியின் இலைக்கு ஒரு குவளை

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்றெல்லாம் கேட்கக் கூடாது, ஒரு ராஜாவுக்கு உடம்பு பெருத்துக்கொண்டே போனது. ராணி செங்கமலம் கண்ணை மூடிய நாளிலிருந்துதான் அப்படி. அவளைக் குன்றின்மேல் அடக்கம் செய்திருந்தார்கள். பாதிப் படி ஏறுவதற்குள் ராஜாவுக்கு மூச்சு வாங்கும். அழுதுகொண்டே இறங்கி வருவார்.

"முதல் திவசத்துக்காவது அவளிடம் போக வேண்டும். என்னை இளைக்க வையுங்கள்!" என்று கட்டளையிட்டார்.

அரண்மனை வைத்தியர் மாசிலாமணி கொள்ளும் கருஞ்சீரகமும் போட்டுக் கஷாயம் காய்ச்சினார். ராஜாவுக்கு வாய் கசந்ததுதான் மிச்சம். பழியை யார் தலையில் கட்டலாம் என்று பார்த்தார் வைத்தியர். விகடகவி சடையன் அகப்பட்டான்.

"பிரபு, தங்களைச் சிரிக்க வைக்காமலே சோறு தின்கிறான் இவன். இனி மருந்தை இவனே கொடுக்கட்டும். திவசத்துக்குள் தாங்கள் குன்று ஏறாவிட்டால் நாட்டைவிட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

 சடையனுடைய விகடத்துக்கு முதலில் சிரிப்பவள் ராணிதான். அவள் போனபின் அவனுக்கே சிரிப்பு வரவில்லை, பாவம்.

"எப்படிக் கொடுப்பது, வைத்தியரே?"

"இலைக்கு ஒரு குவளை. அணுவளவும் பிசகக் கூடாது."

சாப்பாட்டு வேளை வந்தது. வைத்தியரும் பக்கத்தில் வந்து நின்றார். வழக்கம்போல இரண்டு இலை போட்டார்கள். தன் இலையை முடித்ததும், "அவள் சோறு வீணாகலாமா?" என்று ராணியின் இலையிலும் ராஜாவே சாப்பிடுவார். அதைப் பற்றிப் பேச ஒருவருக்கும் மனம் வந்ததில்லை.

சடையன் ராஜா முன்னால் ஒரு குவளை வைத்தான். ராணியின் இலை முன்னால் இன்னொன்று வைத்தான்.

"யாருக்கடா அது?"

"ராணியம்மாவுக்கு, பிரபு. இலைக்கு ஒரு குவளை என்பது வைத்தியர் கட்டளை."

"மூடனே! செத்தவள் கஷாயம் குடிப்பாளா?"

'செத்தவள்' என்ற சொல் ராஜாவின் வாயில் முதல்முறையாக வந்தது அன்றுதான்.

"சோறு மட்டும் சாப்பிடுகிறார்களே, பிரபு" என்றான் சடையன். அவன் குரல் உடைந்துவிட்டது.

ராஜா இலையைப் பார்த்தார். வாய்விட்டு அழுதார். அழுது ஓய்ந்தபின் குவளையை முகர்ந்தார். "வைத்தியரே, அவள் இருந்திருந்தால் இதை உம் தலையில் கொட்டியிருப்பாள்!" என்றார். கண்ணீரோடு சிரிப்பும் வந்துவிட்டது. ராணியின் இலையைச் சடையன் பக்கம் நகர்த்தினார்.

"உட்கார். அவள் பங்கு இனி உனக்கு."

திவசத்தன்று ராஜா உட்கார்ந்து உட்கார்ந்து குன்று ஏறிவிட்டார். பின்னால் வந்த சடையனுக்குத்தான் மூச்சு வாங்கியது. அவன் தொந்தியைப் பார்த்து ராஜா குன்றே அதிரச் சிரித்தார். முதலில் சிரிக்க வேண்டியவள்தான் இல்லை.