அரசர் அசைவதில்லை

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்காதீர்கள், ஒரு ராஜா முதன்முதலாக ஓடத்தில் ஏறினார். மெத்தையில் சாய்ந்துகொண்டு பார்த்தால், கரையும் மரங்களும் பின்னால் ஓடுகின்றன! "இதென்ன கூத்து?" என்று திகைத்தார். அரசாணைகளை எழுதும் ஓலைநாயகம் பிரமராயர் வாய் கூசாமல் சொன்னார்: "தாங்கள் அசையவில்லை, பிரபு. நாடுதான் தங்களைத் தரிசித்துவிட்டுப் போகிறது."

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றே ஆணை பிறந்தது: அரசர் அசைவதில்லை, ஊர்கள்தான் அவரிடம் வந்து போகும். "ராஜா வந்தார்" என்று வாய் தவறிச் சொன்னவனுக்குப் பத்துக் கசையடி.

அந்தச் சபையின் விகடகவி நக்கநம்பி. சபையில் நூறு பேரைச் சிரிக்க வைப்பார். வீட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. மனைவி செங்கமலம் இறந்து இரண்டு வருஷமாயிற்று. ஆற்றங்கரை வீட்டு வாசலில் அவள் நட்ட புன்னை மரம்தான் துணை. ஒற்றை இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, மறுநாள் சொல்லப்போகும் வேடிக்கையை மரத்திடம் சொல்லிப் பார்ப்பார். அது சிரிக்காது. ஆனாலும் சொல்வார்.

ராஜாவுக்கு அவர்மேல் இருந்த பிரியம் பிரமராயருக்கு வயிற்றெரிச்சல். ஒருநாள் காலை, இரண்டு காத தூரத்தில் இருந்த வசந்த மாளிகைக்கு ராஜாவின் ஓடம் புறப்பட்டது. நக்கநம்பி மரத்தடியில் கைகூப்பி நின்றார். ஓடம் அவரைக் கடந்ததுதான் தாமதம், பிரமராயர் ராஜாவின் காதைக் கடித்தார்: "பார்த்தீர்களா பிரபு? தங்களைக் கண்டதும் பின்வாங்கிப் போகிறான்!"

ராஜா தம் கண்ணாலேயே பார்த்தார். நக்கநம்பி விலகித்தான் போய்க்கொண்டிருந்தார்.

"கரையை நிறுத்துங்கள்!" என்று கத்தினார் ராஜா. ஓடக்காரர்கள் துடுப்பை நிறுத்தினார்கள். கரை நின்றது.

"எம்மை விட்டு விலகுகிறாயா? நன்றாகவே விலகு! பொழுது சாய்வதற்குள் நீ எம்மிடமிருந்து இரண்டு காதம் போயிருக்க வேண்டும். இல்லையேல் உன் தலை இருக்காது."

நக்கநம்பி மரத்தைப் பார்த்தார். தலை போவதைவிட, அந்த மரத்தை விட்டுப் போவதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "உத்தரவு, பிரபு" என்று மட்டும் சொன்னார். பிரமராயர் இரண்டு வீரர்களை அங்கே காவல் வைத்தார்.

ஓடம் சிறுத்துக்கொண்டே போயிற்று. அதிலிருந்த பேச்சும் சிரிப்பும் தேய்ந்து போயின. செங்கமலத்தைத் தூக்கிப் போன அன்றும் இப்படித்தான் இருந்தது. அவள் போய்விட்டாள் என்று ஊர் சொல்லிற்று. அவருக்கோ, தன்னைத்தான் யாரோ அவளிடமிருந்து இழுத்துப் போவதுபோல இருந்தது. அந்த நினைப்பிலேயே வழியும் புலப்பட்டது. மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார். பொழுது சாயும்வரை எழவில்லை.

மறுநாள் வீரர்கள் அவரை வசந்த மாளிகையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

"ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை, பிரபு. காவலர்கள் சாட்சி" என்றார் பிரமராயர்.

"பிரபு, நேற்றுக் காலை தங்களுக்கும் எனக்கும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார் நக்கநம்பி.

"கூப்பிடு தூரம்."

"பொழுது சாயும்போது?"

"இரண்டு காதம்."

"இடையில் தாங்கள் அசைந்தீர்களா?"

தாம் எழுதிய ஓலை பிரமராயருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அரசர் அசைவதில்லை" என்று நக்கநம்பியே பதிலும் சொன்னார். "அப்படியானால் விலகிப் போனவன் நான்தானே? இரண்டு காதம், சொன்ன நேரத்துக்குள். பாவம், மரமும் என்கூடவே வந்தது."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். ஆணையை அங்கேயே கிழிக்கச் சொன்னார். சிரிப்பு அடங்கியதும் குரல் தாழ்ந்தது. "ஆனாலும் நம்பி, அந்த ஓடத்தில் இருந்தபோது எல்லோரும் எம்மை விட்டு ஓடுவது போலத்தான் இருந்தது."

"உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தால் அப்படித்தான் தெரியும், பிரபு. எனக்கும் இரண்டு வருஷமாக அப்படித்தான்."

"என்ன பரிசு வேண்டும், கேள்."

"ஒருநாள் என் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள்."

சில நாள் கழித்து ராஜா ஓடத்தைத் துறையிலேயே விட்டு இறங்கி, புன்னை மரத்தை நோக்கி நடந்தார். "அரசர் வந்தார்" என்று பிரமராயர் தம் கையாலேயே ஓலையில் எழுதினார். உள்ளே நக்கநம்பி இரண்டு இலை போட்டார்.