துரை வீட்டில் குரைத்தது யார்?

மகிழங்காடு என்று ஒரு சமஸ்தானம் இருந்தது. பெரிய ராஜ்யமெல்லாம் இல்லை. காலையில் யானைமேல் ஏறி எல்லையைச் சுற்றக் கிளம்பினால், மதியச் சாப்பாடு ஆறுவதற்குள் அரண்மனைக்குத் திரும்பிவிடலாம். அதை ஆண்ட ராஜா வல்லபராயருக்குத் திடீரென்று இங்கிலீஷ் ஆசை பிடித்துக்கொண்டது. பக்கத்து ஜமீன்தார் வெள்ளைக்காரத் துரையோடு இங்கிலீஷிலேயே பேசிச் சிரித்தாராம். இவருக்குப் பொறுக்குமா?

"ஆபத்சகாயம்! கலெக்டர் ஹாப்கின்ஸ் துரை விருந்துக்கு வருகிறார். அதற்குள் எனக்கு இங்கிலீஷ் வந்தாக வேண்டும்!"

ஆபத்சகாயம் அரண்மனைத் துபாஷி. ராஜாவுக்கும் துரைமாருக்கும் நடுவில் நின்று, இவர் பேச்சை அவருக்கும் அவர் பேச்சை இவருக்கும் சொல்வதுதான் வேலை. ராஜாவுக்கு இலக்கணம் என்றால் கொட்டாவி, மிருகங்கள் என்றால் உயிர் என்று அவருக்குத் தெரியும். அதனால் பாடத்தை அரண்மனைத் தோட்டத்துக் கூண்டுகளுக்கு முன்னால் ஆரம்பித்தார்.

"நாய் குரைத்தால் பார்க். பன்றி உறுமினால் கிரண்ட். பாம்பு சீறினால் ஹிஸ். மடியில் படுத்த பூனை சொக்கிப்போய்ச் சத்தம் போடுகிறதே, அது பர்ர்."

ராஜாவுக்கு ஒரே குதூகலம். ராணியைப் பார்த்து பார்க் என்றார். சமையல்காரனிடம் கிரண்ட் என்றார். பல் தேய்க்கும்போதுகூட ஹிஸ். இங்கிலீஷ் முழுவதும் வந்துவிட்டது என்று அவரே முடிவு கட்டிவிட்டார்.

விருந்து நாளும் வந்தது. சபை மண்டபத்திலேயே பந்தி. "இன்று நீ வாயே திறக்காதே. துரை பேச்சு எனக்கே புரியும்" என்று துபாஷியைப் பின்வரிசையில் தள்ளிவிட்டு, துரைக்குப் பக்கத்தில் சிம்மாசனத்தைப் போடச் சொல்லிக் கம்பீரமாக உட்கார்ந்தார் ராஜா.

பந்தியில் துரை தம் சொந்தக் கதையை எடுத்துவிட்டார். ராஜா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு, ஆகா! கவர்னர் இவரைப் பார்த்து பார்க் பண்ணினாராம். இவர் பதிலுக்கு கிரண்ட் பண்ணினாராம். பக்கத்தில் இருந்த இவர் மனைவி துரைசானி ஹிஸ் பண்ணினாளாம்.

ராஜாவுக்கு வியர்த்துவிட்டது. திவான் வீரபாகுவின் காதில் குனிந்தார்.

"திவானே, இந்த மனுஷர் நாயிடம் வேலை பார்க்கிறார். பாம்பைக் கல்யாணம் செய்திருக்கிறார். அவர் வீட்டில் மனிதர் ஒருவர்கூட இல்லையா?"

அப்போதுதான் பாயசம் வந்தது. ராஜா ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார், "ஆஹாஹா..." என்று குழைந்தார். துரை சிரித்துக்கொண்டே, மறுபக்கம் உட்கார்ந்திருந்த தம் மனைவியிடம், ராஜா பர்ர் பண்ணுகிறார் என்றார்.

ராஜாவின் கண் பட்டென்று திறந்தது. "பூனையா? நான் பூனையா?"

திவானுக்கு உள்ளுக்குள் சர்க்கரை. துபாஷி வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தர ரொம்ப நாளாகவே நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

"பூனையேதான், மகாராஜா! உங்களைப் பரிகாசம் செய்யத்தான் இந்த ஆபத்சகாயம் மிருக பாஷையாகப் பார்த்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். துரையைக் குளத்தில் தள்ளுங்கள். இவனைக் குரங்குக் கூண்டில் போடுங்கள்!"

ஆபத்சகாயம் மளமளவென்று கணக்குப் போட்டார். கூண்டுகூடப் பரவாயில்லை, குரங்குகளோடு எப்படியாவது பேசிப் பழகிவிடலாம். துரையைக் குளத்தில் தள்ளினால் நாளைக்கே பட்டாளம் வந்து நிற்கும். ராஜ்யமே போய்விடும்.

ஓடிவந்து கைகட்டி நின்றார். "மகாராஜா, நான் நடத்தியது முதல் பாடம்தான். இரண்டாம் பாடத்துக்குள் துரை வந்துவிட்டார். அவர்கள் பேச்சில் மிருகத்தின் சத்தத்தை மனிதருக்கும் சொல்வார்கள். வெடுக்கென்று அதட்டினால் பார்க். அரை மனதாக முனகினால் கிரண்ட். பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லத் திட்டினால் ஹிஸ். மனம் நிறைந்து குழைந்தால் பர்ர். துரை உங்கள் சந்தோஷத்தைத்தான் சொன்னார்."

"புளுகு!" என்றார் திவான். "மனிதருக்கு மிருகச் சத்தமா? தமிழில் யாராவது மகாராஜாவை அப்படிச் சொல்வார்களா? சொன்னால் நாக்கு இருக்குமா?"

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. "நம் பாஷையில் அப்படி ஒன்று காட்டு. இல்லையென்றால் கூண்டுதான். துரைக்குக் குளம்தான்."

துபாஷி வாயைத் திறப்பதற்குள் ராஜாவே தீர்ப்பைச் சொல்லிவிடுவதென்று எழுந்தார். மார்பை நிமிர்த்தி, தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"க்ஹ்ஹும்ம்!"

உடனே திவான் துள்ளி எழுந்தார். ராஜா பேசப்போகிறார் என்று சபைக்கு அறிவிப்பது அவருடைய வேலை. பழக்க தோஷம், குரல் தானாக வந்துவிட்டது.

"அமைதி! அமைதி! மகாராஜா கனைக்கிறார்!"

ஆபத்சகாயத்தின் முகம் மலர்ந்தது. "திவான் அவர்களே, கனைப்பது எது?"

"மகாராஜாதான்."

"வேறு எது கனைக்கும்?"

திவான் வாயைத் திறந்தார். மூடினார். மீசை மட்டும் ஆடியது. பின்வரிசையில் இருந்த ஒரு படைவீரன் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு உரக்கச் சொன்னான்: "குதிரைங்க!"



"மகாராஜா," என்றார் துபாஷி, "துரை உங்களைப் பூனை என்றாரென்றே வைத்துக்கொள்வோம். அவர் சொன்னது இன்று ஒருநாள். திவான் அவர்கள் தினமும் சபை நடுவில் உங்களைக் குதிரை என்று கூவுகிறார். யாரை முதலில் குளத்தில் தள்ளலாம்?"

ராஜாவின் தொந்தி மெல்லக் குலுங்கியது. பிறகு தோள். தொப்பென்று உட்கார்ந்தார், சிம்மாசனமே குலுங்கியது. கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஒன்றும் புரியாத துரையும் பாயசக் கிண்ணத்தோடு சேர்ந்து சிரித்தார். பின்கதவு வழியாக நழுவப் பார்த்த திவானை, குரங்குகளுக்குப் பழம் போடும் வேலைக்கு அனுப்பினார் ராஜா.

"ஆபத்சகாயம், ராஜ்யத்தைக் காப்பாற்றினாய்! பரிசாக நல்ல குதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு போ!"

துபாஷி பணிவாகக் கும்பிட்டார்.

"உத்தரவு, மகாராஜா. எதைப் பிடித்துக்கொண்டு போகட்டும்? லாயத்தில் கனைப்பதையா, சிம்மாசனத்தில் கனைப்பதையா?"