எழுத்தின் தலையில் ஒரு பொற்புள்ளி

அந்தக் காலத்தில் விட்டில் பூச்சிகளுக்குப் படிக்கத் தெரியும். புழுவாக இருக்கும்போதே ஓலைச்சுவடிகளின் மேல், எழுத்தாணி கீறிய பள்ளங்களில் ஊர்ந்து ஊர்ந்து வளர்ந்தவை ஆயிற்றே, தெரியாமல் போகுமா? மனிதரும் பூச்சியும் ஒரே பேச்சில் பேசிக்கொண்ட காலம் அது.

ஒரு மலைக்குகையில் சேந்தன் என்று ஏடு எழுதுகிறவன் இருந்தான். ஓலையில் எழுத்தைக் கீறி, மை தடவி, ஓரமெல்லாம் கொடியும் மீனும் அன்னமும் வரைந்து, சாதிலிங்கச் சிவப்பும் அவுரி நீலமும் பொன்னும் பூசுவான். அவன் தீட்டிய ஏட்டைப் பிரித்தால் குகைக்குள் வெயில் வந்துவிடும் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்பதில் சேந்தனுக்குக் கொள்ளை ஆசை. இன்னொரு முறை சொல்லுங்கள் என்று வாய்விட்டுக் கேட்காத குறைதான்.

அவனுடைய ஏட்டுக்கட்டில் கரியான், வெண்ணி என்று இரண்டு புழுக்கள் ஒன்றாக வளர்ந்தன. ஒரே வரியின் இரண்டு முனைகளிலிருந்து புறப்பட்டு நடுவில் சந்தித்துக்கொள்வதுதான் அவர்களுடைய விளையாட்டு. சிறகு முளைத்ததும் சேர்ந்து பறப்போம் என்று பேசிவைத்துக்கொண்டு, பக்கத்தில் பக்கத்தில் கூடு கட்டிப் படுத்தார்கள்.

கரியான் முதலில் வெளியே வந்துவிட்டான். வெண்ணியின் கூடு திறக்கவே இல்லை. கூட்டைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தான். உள்ளே உறங்குகிறவளுக்கு என்ன கேட்கும்? பசி வேறு வயிற்றைக் கிள்ளியது. மலையடிவாரத்து ஏரியில் ஆம்பல் பூத்திருந்தது. அங்கே போனால்தான் தேன், தேன் இல்லாவிட்டால் உயிர் தங்காது.

"ஐயா, நான் ஏரியில இருப்பேன்னு அவகிட்ட சொல்லிடுறீங்களா?" என்று சேந்தனைக் கேட்டான்.

"சொல்றதாவது! எழுதியே வைக்கிறேன் தம்பி. கண்ணு முழிச்சதும் முதல்ல அதைத்தான் பார்ப்பா. ஊரே பார்த்து அசந்து போற மாதிரி எழுதுறேன், பாரு."

"ஊர் பார்க்க வேணாம் ஐயா. அவளுக்குப் புரிஞ்சாப் போதும்" என்றான் கரியான். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பறந்து போனான்.

சேந்தன் நல்ல ஓலையாகத் தேடி எடுத்து, 'ஏரியில் இருக்கிறேன், வா' என்று எழுதினான். அந்தக் கால எழுத்தில் ஒரு வழக்கம் உண்டு. 'எ' என்று வெறுமனே எழுதினால் அதை 'ஏ' என்று படிக்க வேண்டும். தலையில் ஒரு புள்ளி வைத்தால்தான் 'எ'. ஆகவே புள்ளி இல்லாவிட்டால் ஏரி, புள்ளி இருந்தால் எரி, அதாவது நெருப்பு. சேந்தன் புள்ளியில்லாமல் சரியாகத்தான் எழுதினான். அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா?

வண்ணம் தீட்ட உட்கார்ந்தான். சுற்றிலும் ஆம்பல் கொடி ஓடவிட்டான், கொடிக்குக் கீழே மீன்களை விட்டான். எல்லாம் முடிந்த பிறகு தூரிகை நுனியில் ஒரு துளி பொன் மீந்திருந்தது. முதல் எழுத்தின் தலை மொட்டையாக இருக்கிறதே என்று தோன்றியது. எழுதும்போது அவனுக்குப் பொருள்தான் கண்ணில் படும். வண்ணம் தீட்டும்போதோ எழுத்தெல்லாம் வெறும் வளைவும் நெளிவும்தான். அந்தத் துளியை எழுத்தின் உச்சியில் வைத்தான். தள்ளி நின்று பார்த்து மனம் குளிர்ந்தான். ஓலையைக் கூட்டருகே சாய்த்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனான்.

ஓர் அந்தியில் அவன் விளக்கை ஏற்றிவிட்டுச் சுனைக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது வெண்ணியின் கூடு திறந்தது. அவள் முதலில் தேடியது கரியானைத்தான். அவன் இல்லை, ஓலைதான் இருந்தது. 'எரியில் இருக்கிறேன், வா' என்று படித்தாள். திரும்பிப் பார்த்தாள். சுடர் ஆடிக்கொண்டிருந்தது.

சேந்தன் குடத்தோடு உள்ளே வந்தபோது அவள் விளக்கைச் சுற்றிச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தாள்.

"விலகும்மா, சுட்டுடும்!"

"அவரு இதுக்குள்ளதானே இருக்காரு?"

"ஐயோ, இல்லம்மா! ஏரியில! கீழ ஏரியில உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கான்!"

"ஓலையில புள்ளி இருக்கே ஐயா."

சேந்தன் தடுமாறினான். "அது... அது அழகுக்கு வெச்சதும்மா."

"என்னைத் தடுக்கத்தானே இப்படிச் சொல்றீங்க? இவ்வளவு பார்த்துப் பார்த்து வெச்ச புள்ளி எங்கயாவது பொய்யாகுமா? பாவம், அவருக்கு அங்க எவ்வளவு சுடுமோ. தனியா வேற இருப்பாரு."

அவன் குடத்தைப் போட்டுவிட்டுக் கை நீட்டுவதற்குள் அவள் போய்விட்டாள்.

ஏரிக்கரையில் கரியானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தேன் கசந்தது. காற்றை எதிர்த்து மலையேறி வந்து, "ஐயா, வெண்ணி எழுந்துட்டாளா?" என்று கேட்டான்.

சேந்தன் ஓலையைக் காட்டினான், பிறகு விளக்கைக் காட்டினான். கரியான் ஓலையைப் படித்தான். அந்தப் புள்ளியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னைத் தேடியா உள்ள போனா?"

"ஆமாம் தம்பி. நான்தான்..."

"அப்போ இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருப்பா" என்று சொல்லிவிட்டு, கரியானும் சுடருக்குள் பறந்தான்.

சேந்தன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அந்தப் பொன்னைச் சுரண்டி எடுக்கப் பார்த்தான், ஓலைதான் கிழிந்தது. அதன் பிறகு அவன் எந்த எழுத்தின் தலையிலும் புள்ளி வைக்கவில்லை. அவனைப் பார்த்து மற்றவர்களும் விட்டுவிட்டார்கள். கேட்டால், புள்ளி வைத்தால் ஓலை கிழிந்துவிடும் என்று மட்டும் சொல்வார்கள்.

அன்று முதல்தான், யார் எங்கே விளக்கை ஏற்றினாலும் விட்டில்கள் வந்து அதற்குள் விழுகின்றன. நாம் அவை சாக வருவதாக நினைத்துக் கையை வீசி விரட்டுகிறோம். அவையோ உள்ளே ஒருவர் காத்திருக்கிறார் என்று வருகின்றன.